கைப்பிடியில் தொங்கிய துண்டு

இன்று காலை மல்லூர் தாண்டி ஒரு டீக்கடைச் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, லென்ஸில் விழுந்த தூறலைத் துடைக்கக் கேமராப் பையில் கைவிட்டேன். உன் துண்டு கையில் வந்தது. பச்சைக் கரை போட்ட சாதாரணத் துண்டு. துவைத்துத் துவைத்து நைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பி, ஜவ்வரிசி ஆலையின் புளித்த வாடையைக் கொண்டுவந்து முகத்தில் அடித்தது. அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நீ மூச்சை நன்றாக இழுத்து, "நம்மூரு சென்ட்டு மாப்ள, பெங்களூர்ல தேடினாலும் கெடைக்காது" என்பாய். ஒவ்வொரு ஞாயிறும் அதே ஜோக், ஒவ்வொரு ஞாயிறும் நான் சிரிப்பேன். இன்று தனியாக டீயைக் குடித்தேன்.

உன் அம்மாவிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ போய் எட்டு மாதமாகிறது, இன்னும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் சேலம் அம்மாபேட்டையிலிருந்து கிளம்பினேன். நீதான் என் திருட்டுத்தனம் எல்லாம் தெரிந்தவன். அதனால் உன்னிடம் முதலில் சொல்லிப் பார்க்கிறேன்.

பெங்களூரில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதியவர்கள் நாம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றதும் நான் சேலத்துக்கும் நீ ராசிபுரத்துக்கும் மூட்டை கட்டினோம். எனக்குப் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் தொல்லை, உனக்கு உன் அம்மா தொல்லை. அந்த முதல் வாரம் மறக்குமா? நீ மேல்சட்டையை மட்டும் ஒழுங்காக மாட்டிக்கொண்டு வெளிநாட்டுக்காரரிடம் ஏதோ பெரிதாக விளக்கிக்கொண்டிருந்தாய். பின்னால் கதவு திறந்தது. "களி கிண்டியிருக்கேன் சாமி, சூட்டோட ரெண்டு வாய் தின்னுட்டு அப்பறம் பேசு" என்று உன் அம்மா தட்டோடு திரைக்குள் வந்தார். நீ "அம்மா, கேமரா ஓடுதும்மா!" என்று கத்தினாய். அவர் கேமராவைப் பார்த்து, "நீங்கெல்லாம் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

அதற்கப்புறம்தான் துண்டு வந்தது. மீட்டிங் என்றால் கதவுக் கைப்பிடியில் துண்டு தொங்கும். முடிந்தால் எடுத்துவிடுவாய். துண்டு தொங்கும்வரை வீடே பற்றி எரிந்தாலும் தட்டக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாய். அவரும் மாடிப்படியில் பாதி ஏறி, எட்டிப் பார்த்து, துண்டைக் கண்டால் காப்பியோடு இறங்கிவிடுவார். அதைச் சொல்லிச் சொல்லி நாம் எத்தனை முறை சிரித்திருக்கிறோம்.

நமக்குள்ளும் ஒரு ஏற்பாடு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் தூரமாகப் போய்வந்தால் திங்கட்கிழமை பத்து மணி மீட்டிங்கில் ஒருவன் தலையை மட்டும் காட்டிவிட்டுத் தூங்கலாம், மற்றவன் சமாளிக்க வேண்டும். நீ சமாளிக்கிற லட்சணம் எல்லோருக்கும் தெரியும். "அவன் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு முழிப்பாய். பொய்க்குக் கை கால் வைத்து நடக்கவிடுவதில் நான்தான் கெட்டிக்காரன்.

கடைசியாகப் போனது ஜேடர்பாளையம். அணைக்கட்டுப் பக்கம் காவேரி நிறையத் தண்ணீர். வழக்கம்போல நீ முன்னால், நான் பின்னால். ஒரு கையால் ஹேண்டில், ஒரு கையால் கேமரா. மீன் வறுவலுக்குக் காத்திருந்தபோது நீ என் கேமராவை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தாய்.

"அத்தனையும் என்ற முதுகுதான். மூஞ்சிக்கு என்ன கொறச்சல்?"

"நீ முன்னாடியே போனா முதுகுதானே கெடைக்கும்?"

"அப்ப என்னைய முந்திப் போய் எடு" என்றாய். உன்னை முந்த என் காலுக்கு என்றைக்கும் தெம்பிருந்ததில்லை. திரும்பும்போது மட்டும் நீ இரண்டு இடத்தில் இறங்கி நின்றாய். எதிர்க்காற்று என்றாய், நானும் எதிர்க்காற்று என்றே நினைத்தேன்.

மறுநாள் பத்து மணி. திரையில் உன் பெயர் இருந்தது, கட்டத்தில் படம் இல்லை. மேனேஜர் உன் பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். நான் மைக்கைத் திறந்து, "அவங்க ஊர்ல கரண்ட் இல்லையாம், இப்பதான் மெசேஜ் பண்ணினான், வந்ததும் சேர்ந்துக்கறானாம்" என்றேன். கரண்ட் இல்லாதவன் பெயர் எப்படித் திரையில் நிற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவ்வளவு இயல்பாகச் சொன்னேன். மீட்டிங் முடிந்ததும் உன் போனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: "தூங்கு மாப்ள, நான் பாத்துக்கறேன்."

நீ திறந்து பார்க்காத செய்தியாக அது இன்னும் என் போனில் கிடக்கிறது. அழிக்கக் கை வரவில்லை.

ஒரு மணிக்கு உன் அம்மா சாப்பாட்டோடு மேலே வந்து, சத்தியத்தை மீறிக் கதவைத் திறந்திருக்கிறார். இதயம் நின்று வெகுநேரம் ஆகிவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். எவ்வளவு நேரம் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க பயம். உன் அம்மாவின் நம்பர் என்னிடம் இருந்தது. நீ பதில் சொல்லாத அந்த நிமிடமே அவருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். நான் பொய் சொன்னேன்.

பதினாறாம் நாளுக்கு மாட்ட ஒரு நல்ல படம் கேட்டார்கள். ஆயிரக்கணக்கில் எடுத்துக் குவித்தவன் நான், ஒரு முகம்கூட என்னிடம் இல்லை. பாலத்தில் உன் முதுகு, புளியமர நிழலில் உன் முதுகு, கோழிப்பண்ணை வேலியோரம் உன் முதுகு. கடைசியில் ஆபீஸ் அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கி மாட்டினார்கள். அதில் நீ போலீஸ் பிடித்துவந்தவன் மாதிரி முழிக்கிறாய். மாலை போட்ட பிறகும் அதே முழி.

மனசு கேட்காமல் ஒரு மாதம் கழித்து, ஜேடர்பாளையத்துப் படத்தைச் செவ்வாய்ப்பேட்டையில் பிரிண்ட் போட்டு, சட்டம் மாட்டி எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். அன்றும் சொல்லிவிடுவதாகத்தான் போனேன். உன் அம்மா படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"முதுகாத்தானுங்கம்மா இருக்குது, மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"இருக்கட்டும் சாமி. நானும் கடைசியா முதுகத்தான் பார்த்தேன்" என்றார். அப்புறம் அவராகவே சொன்னார். "பத்தரை மணி இருக்கும், காப்பி எடுத்துட்டுப் போனேன். துண்டு தொங்குச்சு. சன்னல் வழியா எட்டிப் பார்த்தேன், முதுகு தெரிஞ்சுது. காதுல அந்த ஹெட்போன மாட்டியிருந்தான். மீட்டிங்குல இருக்கறான், திட்டுவான்னு எறங்கிட்டேன். பெத்தவ நான், எனக்குத் தெரியாமப் போச்சே. ஒரு தட்டுத் தட்டியிருந்தா என்ன, திட்டினாத் திட்டிட்டுப் போறான். என்ற கையாலயே உட்டுட்டேன் சாமி."

அந்த நேரத்தில்தான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். 'நீங்க மட்டும் இல்லீங்கம்மா, நானும்தான்' என்று இரண்டு வார்த்தை. பழியில் பாதி என்னுடையது, பாதிக்கு மேலேயே என்னுடையது. சொல்லியிருந்தால் அவர் கொஞ்சமாவது மூச்சு விட்டிருப்பார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகிறேன் என்று நினைத்து அவர் என் தலையைத் தடவிக்கொடுத்தார். கிளம்பும்போது அந்தத் துண்டை மடித்து என் கையில் வைத்து, "ஊட்டுல இதப் பார்த்தா எனக்கு வயிறு பத்திக்குது. நீ எடுத்துட்டுப் போயி கேமராவத் தொடச்சுக்க" என்றார்.

வேலை அப்படியே ஓடுகிறது. உன் இடத்தில் ஒரு பையன் வந்து, நீ எழுதியதையெல்லாம் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறான். பத்து மணி மீட்டிங்கில் யாராவது ஒரு நிமிடம் பதில் சொல்லாவிட்டால் உடனே அவர்களுக்குப் போன் போட்டுவிடுகிறேன். என் அறைக் கதவை இப்போது சாத்துவதில்லை. தறிச் சத்தம் கேட்டுவிட்டுப் போகட்டும். இதனால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று கேட்டால், ஒன்றுமில்லை.

டீக்கடையிலிருந்து கிளம்பி உங்கள் ஊரை நோக்கித்தான் போனேன். முன்னால் முதுகு இல்லாத ரோடு. கேமராவை எடுக்கவே இல்லை. சொல்ல வேண்டியதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். உங்கள் தெருவுக்குத் திரும்பும் இடம் வந்ததும் நின்றேன். பத்து நிமிடம் நின்றிருப்பேன். அப்புறம் சைக்கிளைத் திருப்பிவிட்டேன்.

பாதி வழியில் உன் அம்மா போன் செய்தார். "காலையில வாரேன்னியே சாமி, இன்னும் காணமே? களி கிண்டி வெச்சிருக்கேன்."

"டயரு பஞ்சர் ஆயிடுச்சுங்கம்மா. மல்லூர்கிட்டயே. கடையும் தொறக்கல, தள்ளிக்கிட்டே ஊட்டுக்குப் போறனுங்க" என்றேன். கொஞ்சமும் தடுமாறவில்லை.

"அடக் கண்ணு, மழையில தள்ளிக்கிட்டா போற? பார்த்துப் போ. அடுத்த வாரம் வா" என்றார்.

போனைப் பையில் வைக்கும்போது உன் துண்டு மறுபடி கையில் பட்டது. இரண்டு டயரிலும் காற்று கல் மாதிரி இருந்தது. உன் அம்மா நம்பிவிட்டார், மாப்ள.