வெள்ளிக்கிழமைப் பட்டியலில் இரண்டாம் எண்

சட்டப்படி இன்றும் என் கணவராக இருக்கும் உங்களுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் நலம் கேட்கும் நேரம் இதில்லை என்று தெரியும். உங்கள் தம்பி நேற்று போன் செய்தார். உங்களோடு இருந்தவள் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் போய்விட்டாளாம். கடைசிவரை உங்களை வார்டுக்குள் விடவில்லையாம். கணவன், பெற்றவர்கள், பிள்ளைகள், இவர்களுக்குத்தான் அனுமதி. உறவு என்ற கட்டத்தில் 'தெரிந்தவர்' என்று எழுதிக் கொடுத்தால் யார் உள்ளே விடுவார்கள்? ஆஸ்பத்திரி விதியை நான் எழுதவில்லை.

சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. நீங்கள் கடைசியாக மாட்டிய வாஷர் எட்டு வருடம் தாங்கியிருக்கிறது. பரவாயில்லை, உங்களைவிட அதற்கு உழைப்பு அதிகம்.

இந்த எட்டு வருடத்தில் விவாகரத்துக்கு ஒப்புதல் கேட்டு ஆறு படிவம் அனுப்பினீர்கள். ஆறும் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. நான் மசியவில்லை என்றதும் அந்த மசோதாவை நம்பி உட்கார்ந்தீர்கள். ஏழு வருடம் பிரிந்திருந்தால் ஒருவர் சம்மதம் இல்லாமலே, மனுக் கொடுத்த அன்றே விவாகரத்து. எல்லாக் கட்சிகளும் சரி என்றுவிட்டன, விவாதம் ஒன்றுதான் பாக்கி. அந்த விவாதம் சட்டசபையில் என்றைக்கு, எத்தனையாவதாக வரும் என்று செயலகத்தில் உட்கார்ந்து பட்டியல் போடுகிறவள் யார்? "பட்டியல் எழுதறதெல்லாம் ஒரு வேலையா? மளிகைக் கடைக்குப் போறவனும்தான் எழுதறான்" என்று நண்பர்கள் முன்னால் என்னைச் சொல்லிச் சிரித்தீர்களே, நினைவிருக்கிறதா?

பட்டியல் என் கையில் என்பது அவளுக்கு நினைவிருந்தது. போன மாதம் என் அலுவலகத்துக்கே வந்தாள். உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்றாள். முடியெல்லாம் கொட்டி, தலையில் துணி சுற்றியிருந்தாள். மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. நாற்காலி போட்டு உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். நான் ஒன்றும் ராட்சசி இல்லை. "அக்கா, கையெழுத்து கேக்க வரல. அதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல. மசோதாவை மட்டும் கொஞ்சம் மேல தூக்கிப் போடுங்கக்கா. எனக்கு நாள் அதிகமில்ல" என்று கேட்டாள். பட்டியலில் அது பத்தொன்பதாவதாகக் கிடந்தது. இரண்டாவதாகப் போடுகிறேன் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கை ஜில்லென்று இருந்தது.

சொன்ன சொல் தவறவில்லை. இரண்டாவதாகத்தான் போட்டேன். முதலாவது எது என்று அவள் கேட்கவில்லை.

முதலாவது, தேனீ வளர்ப்பு வாரிய மசோதா. அதைக் கொண்டுவந்த உறுப்பினருக்கு எங்கள் அலுவலகத்தில் ரம்பம் என்று பெயர். அரசு கொண்டுவராமல் உறுப்பினர்கள் தாங்களே கொண்டுவரும் இந்த மாதிரி மசோதாக்களுக்கு வெள்ளிக்கிழமை மூன்று மணியிலிருந்து ஐந்தரை வரைதான் நேரம். கொண்டுவந்தவர் பேச வரம்பே கிடையாது. மனிதர் ராணித் தேனீயில் ஆரம்பித்தார். ஐந்தரை மணி அடித்தபோது மெழுகுக்குத்தான் வந்திருந்தார்.

அவள் பார்வையாளர் மாடத்தில் முதல் வரிசையில் இருந்தாள். அங்கே சாயக் கூடாது, தூங்கக் கூடாது. இரண்டு தடவை காவலர் தோளைத் தட்டி நிமிர்ந்து உட்காரச் சொன்னார். நான் கீழே அதிகாரிகள் வரிசையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு வயிறு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். மணி அடித்ததும் அவள் என்னைத் தேடிப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். திட்டுவாள், சாபம் விடுவாள் என்று காத்திருந்தேன். ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கிப் போனாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கும் அவள்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

அதுதான் கடைசி வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை அவையைக் கலைத்துவிட்டார்கள், மசோதாவும் காலாவதி. அன்று விவாதம் முடிந்திருந்தால் பதினைந்து நாளில் சட்டமாகியிருக்கும். அவள் அதற்குப் பிறகு இருபத்தைந்து நாள் இருந்திருக்கிறாள். பத்து நாளாவது நீங்கள் அவள் கணவனாக வார்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கலாம். என்மேல் புகார் கொடுப்பதென்றால் கொடுங்கள். மேலதிகாரி கையெழுத்துப் போட்ட பட்டியல் அது, ஒரு எழுத்தில் தப்பிருக்காது.

நீங்கள் கேட்டுக்கொண்டிருந்த படிவத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு, இன்றைய தேதியும் போட்டிருக்கிறேன். உறவு என்ற கட்டத்தில் 'மனைவி' என்று என் கையாலேயே எழுதினேன். கீழே உங்கள் கையெழுத்துக்கு இடம் இருக்கிறது. இனி அவசரம் ஒன்றுமில்லையே, நிதானமாகப் போடுங்கள்.

பட்டினி கிடக்காதீர்கள். உங்களுக்கு அல்சர் உண்டு. நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும். வீட்டுச் சாவி இப்போதும் பூந்தொட்டிக்கு அடியில்தான் இருக்கிறது. குழாயைச் சரிசெய்ய நான் இன்னும் யாரையும் கூப்பிடவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மனைவி