கல்லாமேசையில் கவிழ்த்து வைத்த போன்

லூதியானாவிலிருந்து வந்த முதல் ஸ்வெட்டர்ப் பொதியை இன்று காலை பிரித்தேன். கத்தி பட்டதும் அந்துருண்டை வாசம் கடை முழுக்க ஏறியது. ஒவ்வொரு அக்டோபரிலும் ஏறுகிற வாசம்தான். ஆனால் அதன் பின்னாலேயே உன் தும்மல் வர வேண்டும். அடுத்தடுத்து மூன்று. மூன்றாவது தும்மலில் நீ கல்லாமேசையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, இது ஸ்வெட்டர் கடையா, கெமிஸ்ட்ரி லேபா?" என்று கேட்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. பொதியை அப்படியே போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

உன்னிடம் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. அதற்கு முன்னால் உன்னை எப்போதெல்லாம் சந்தேகப்பட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரியாத கணக்கில்லை. என் முகத்தில்தான் எல்லாம் எழுதி ஒட்டியிருக்குமே.

முதல் நாளே ஆரம்பித்தது. டெல்லி கரோல் பாக்கில் என் கடைக்கு வருகிற தமிழர்கள் இரண்டு ரகம். ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்து, காதைப் பொத்திக்கொண்டு ஓடிவருகிறவர்கள். அவர்களுக்கு விலை பேசத் தெம்பு இருக்காது. இங்கேயே பிறந்தவர்கள் விலை மட்டும்தான் பேசுவார்கள். நீ இரண்டிலும் சேரவில்லை. ஒரு குரங்குத் தொப்பியை மாட்டினாய், கழற்றினாய், மறுபடி மாட்டினாய். முக்கால் மணி நேரம் நின்றும் வாங்கவில்லை. நடுநடுவே பையிலிருந்து நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டாய். எட்டிப் பார்த்தேன், இந்தி எழுத்து. சரி, வரி ஆபீஸ் ஆள் என்று முடிவு கட்டி டீ வரவழைத்தேன்.

"டீயெல்லாம் எதுக்கு அண்ணாச்சி?" என்று தமிழில் கேட்டாய். என் பயம் இரட்டிப்பானது. தமிழ் தெரிந்த அதிகாரியிடம் எதை மறைப்பது?

அப்புறம்தான் விவரம் வந்தது. அப்பா மத்திய சர்க்காரில் குமாஸ்தா. மோதி பாக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். பாட்டு எழுதி, நீயே மெட்டுப் போட்டு, கிட்டாரோடு பாடுகிறாய். பக்கத்திலேயே தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தும் அப்பா உன்னை அங்கே சேர்க்கவில்லை. அதனால் பேச வரும், எழுத வராது. தமிழ்ப் பாட்டை இந்தி எழுத்தில் எழுதிக்கொள்வாய்.

"ஏலே, தமிழ்ப் பாட்டுக்கு எதுக்குலே இந்திச் சட்டை?"

"டெல்லிக் குளிர் அண்ணாச்சி. எதையாவது மாட்டிவிட்டாத்தானே ஆகும்?"

சிரித்துவிட்டேன். அன்றைக்கு அந்தத் தொப்பியை உனக்குச் சும்மா கொடுத்தேன் என்று நீ மேடையில் சொல்வாயாம். சும்மா கொடுக்கவில்லை. தையல் பிரிந்த தொப்பி அது.

பிறகு குளிர்காலம் முழுக்க மதிய நேரங்களில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாய். வந்ததும் போனைக் கல்லாமேசையில் கவிழ்த்து வைப்பாய். எதற்கு இங்கே வருகிறாய் என்று ஒருநாள் நேராகவே கேட்டேன். "இங்க வர்றவங்க எல்லாம் நடுங்கிண்டே வர்றாங்க அண்ணாச்சி. நடுங்கும்போது யாரும் அலங்காரமா பேச மாட்டாங்க" என்றாய். அழகான பதில். அழகான பதில் சொல்கிறவனிடம் சரக்கு வாங்கக் கூடாது என்பது என் பழக்கம். ஆனாலும் ஸ்டூலை அங்கிருந்து எடுக்கவில்லை.

பாட்டு எப்படி எழுதுகிறாய் என்று கேட்டதற்கு ஒன்று சொன்னாய். அப்போது காதில் வாங்கி, அப்படியே விட்டுவிட்டேன். "முதல் வரி சும்மா வந்துடும் அண்ணாச்சி. யாராவது குடுத்துட்டுப் போவாங்க. ரெண்டாவது வரிக்குத்தான் நான் வேலை பார்க்கணும்."

அடுத்த வருஷம் அந்தப் பாட்டு வந்தது. 'குளிரே இல்லம்மான்னு எழுதிப்போட்டேன், எழுத்து மட்டும் நடுங்கிப்போச்சு' என்ற இரண்டு வரி அந்தக் குளிர்காலத்தில் ஒவ்வொரு தமிழ்ப் போனிலும் ஓடியது. பத்தொன்பது வயதில் பருத்திச் சட்டையோடு இந்த ஊரில் வந்து இறங்கி, அடுத்தவன் ஸ்வெட்டர் மூட்டைகளைச் சுமந்துகொண்டு, அதில் ஒன்றைக்கூடப் போட முடியாமல் இருந்த என் கதை அது. உன்னிடம் நான் சொன்னது. கடையில் அந்தப் பாட்டைப் போட்டுவிட்டு, வருகிறவர்களிடம் "என் கதைதான். அம்மாவுக்கு நான் எழுதின லெட்டர்" என்று சொல்வேன். அதில் இரண்டு மஃப்ளர் கூடவே விற்றது. மறுக்கவில்லை.

நீ குர்கான், சென்னை, சிங்கப்பூர் என்று பாடப் போனாய். ஒருமுறை கடைக்கு வந்தபோது வாடிக்கையாளர்கள் உன் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் போனபிறகு, "முன்னாடி என்கிட்ட பேசறவங்க என் முகத்தைப் பார்த்தாங்க அண்ணாச்சி. இப்ப என் பக்கத்துல நின்னுண்டு போன்ல இருக்கற என்னைப் பார்க்கறாங்க" என்றாய். அதையும் நான் நம்பவில்லை. பிடிக்காதவன் எதற்கு அவ்வளவு சிரித்தான் என்று நினைத்தேன்.

பிறகு அந்தப் பேட்டி. ஒரு வாடிக்கையாளர்தான் போனில் காட்டினார். 'அந்த வரி எங்கிருந்து வந்தது' என்று ஒரு பெண் கேட்கிறாள். 'நானே எழுதினது. யாரும் கொடுக்கலை' என்று சொல்கிறாய். அன்றைக்கே உன்னை வரச் சொன்னேன்.

"யாரும் குடுக்கலையா? நான் யாருலே?"

"அண்ணாச்சி, கதை உங்களுது. வரி என்னுது."

"கதை வேற, வரி வேறயா? நாளைக்கு நூல் வேற, ஸ்வெட்டர் வேறன்னு சொல்லுவ."

"வேறதானே? நூல்கண்டைக் கழுத்துல சுத்திண்டு யாராவது ஆபீஸ் போறாங்களா?"

என் தொழிலை வைத்தே என்னை மடக்கினாய். மடக்கினால் நான் வேறு பக்கம் பாய்கிறவன். "நான் பேசினதையெல்லாம் அந்தப் போன்ல திருட்டுத்தனமா பதிஞ்சியா?" என்றேன். "சத்தியமா இல்ல அண்ணாச்சி" என்றாய். உன் கண் கல்லாமேசையைப் பார்த்தது. பொய் சொல்கிறவன் எங்கே பார்ப்பான் என்று எனக்குத் தெரியும். "இனிமே இந்தப் பக்கம் வராதே" என்றேன். நீயும் வரவில்லை. நான்கு வருஷம்.

இந்த மார்ச்சில் உன் பெயர் என் போனில் வந்தது. "ஆஸ்பத்திரியில இருக்கேன் அண்ணாச்சி. ஒரு தடவை வந்துட்டுப் போங்களேன்." குரல் பாதியாகியிருந்தது. எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? எதிலோ என் கையெழுத்து வாங்கப் பார்க்கிறான் என்று. "சீசன் நேரம், பார்க்கறேன்" என்றேன். மார்ச் மாதத்தில் ஸ்வெட்டர் கடைக்காரனுக்கு என்ன சீசன்? உனக்கும் அது தெரியும். "அச்சா அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னாய். பதினோரு நாள் கழித்துத் தகவல் வந்தது. மயானத்தில் கடைசி வரிசையில் நின்றேன். அங்கேயும் யார் என்னைப் பார்க்கிறார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் உன் தங்கை கடைக்கு வந்தாள். உன் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் மாற்றிப் புத்தகமாகப் போடுகிறார்களாம். ஒரு பென் டிரைவை மேசையில் வைத்தாள்.

"அண்ணா போன்ல உங்க கடை பேர்ல ஒரு ஃபோல்டர் இருந்துச்சு அங்கிள். நாற்பது ரெக்கார்டிங். எங்களுக்கு அவன் குரலைக் கேக்கற தைரியம் இன்னும் வரலை."

பார்த்தாயா, பதிந்திருக்கிறாய். நான்கு வருஷம் கழித்து என் வழக்கு ஜெயித்தது. ஆனால் அவள் முடிக்கவில்லை.

"அந்த வரி உங்களோடதுன்னு எல்லார்கிட்டயும் சொல்றீங்களாமே. இதைக் கேட்டுப் பாருங்க. நீங்க சொன்ன வரிதான்னா, பாட்டுக்குக் கீழ உங்க பேரைப் போட்டுடறோம்."

"ஆதாரம்?"

"அதெல்லாம் வேண்டாம் அங்கிள். நீங்க சொன்னா போதும்."

ஆதாரம் வேண்டாம் என்று சொல்கிற மனுஷியை இத்தனை வருஷத்தில் நான் கண்டதில்லை. இதில் என்னவோ இருக்கிறது என்று ஒரு வாரம் அதைத் தொடவில்லை. பிறகு ஆள் இல்லாத ஒரு மதியத்தில் கடைக் கம்ப்யூட்டரில் செருகிக் கேட்டேன்.

என் குரல் அவ்வளவு கீச்சென்று இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை. ஏழாவது பதிவில் நான் கேட்கிறேன்: "ஏலே, அந்தப் போன் ஓடுதா?" நீ சொல்கிறாய்: "பேட்டரி போயிடுச்சு அண்ணாச்சி." உடனே தும்முகிறாய். பேட்டரி போன போனுக்குள்ளிருந்து மூன்று தும்மலும் தெளிவாகக் கேட்கிறது, திருட்டுப் பயலே.

அதே பதிவில் கொஞ்ச நேரம் கழித்து என் கதை வருகிறது. மூட்டை, பருத்திச் சட்டை எல்லாம் சொல்கிறேன். அப்புறம் இப்படிச் சொல்கிறேன்: "எஸ்.டி.டி. பூத்துல நின்னு, குளிரே இல்லம்மான்னேன். மீட்டர் ஓடிக்கிட்டே இருந்துச்சு. வச்சுட்டேன்."

நீ கேட்கிறாய்: "லெட்டர் போடலையா?"

"அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதேலே. அடுத்தவன் படிச்சுக் காட்டியா கேக்கும்? இந்தா, அந்த மஃப்ளரை எடு."

அந்த இடத்தை நான்கு முறை ஓடவிட்டேன். கடிதமே இல்லை. நான் எழுதவே இல்லை. ஆனால் அந்த நீல இன்லண்ட் கடிதத்தை நான் பார்த்திருக்கிறேன். மடிப்பு, பசை, கோணலாகப் போன என் கையெழுத்து எல்லாம் நினைவில் இருக்கிறது. உன் பாட்டிலிருந்து எடுத்து, என் பத்தொன்பது வயதுக்குள் வைத்துக்கொண்டு, அதை நீ திருடினாய் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். எல்லாரையும் சந்தேகப்பட்டேன், என் ஞாபகத்தைத் தவிர.

பதிவு இன்னும் முடியவில்லை. சரக்கு எடுக்க நான் உள்ளே போகிறேன். நீ தனியாக முணுமுணுக்கிறாய். "குளிரே இல்லம்மான்னு சொன்னேன்... குரல் மட்டும் நடுங்கிப்போச்சு... ம்ஹூம். குரல் நடுங்கினா அம்மாவுக்குக் கேட்டுடுமே." மேசையில் உன் விரல் தட்டுகிறது. "எழுதினேன்... எழுத்து... எழுத்து மட்டும்..."

அப்போது என் கீச்சுக்குரல்: "யாருகூடலே பேசுத?"

"அந்துருண்டைகூட அண்ணாச்சி."

முதல் வரி நான் கொடுத்தது. இரண்டாவதுக்கு நீ வேலை பார்த்தாய். ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாய். பேட்டியில் அந்தப் பெண் இரண்டு வரியையும் சேர்த்துக் கேட்டாள், நீயும் சேர்த்தே பதில் சொல்லிவிட்டாய். முதல் வரியையாவது என் பெயரில் விட்டிருக்கலாம். அந்த மனத்தாங்கல் எனக்கு இன்னும் உண்டு, மறைக்கவில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என் பெயர் புத்தகத்தில் ஏறிவிடும், கேட்க ஆளில்லை. அப்படிப்பட்ட வாய்ப்பைத் தொழிலில் நான் எப்போதும் விட்டதில்லை. மூன்றாம் நாள் உன் தங்கைக்குப் போன் செய்தேன்.

"உங்க அண்ணன் எழுதினதுதாம்மா. என் பேர் வேண்டாம். ஆனா கேக்காம பதிஞ்சான், அதை மட்டும் புத்தகத்துல போடு."

சிரித்தாள். "போடறேன் அங்கிள்" என்றாள். நிஜமாகவா, நன்றாகக் கேட்டீர்களா என்று ஒன்றும் கேட்கவில்லை. ஆச்சரியமே படவில்லை. முன்பே கேட்டுவிட்டுத்தான் கொடுத்திருப்பாளோ என்று இப்போது உறுத்துகிறது. இருக்கட்டும். விசாரிக்கப் போவதில்லை.

என் மனசில் வேறொன்று ஓடுகிறது. குரல் நடுங்கினால் அம்மாவுக்குக் கேட்டுவிடும் என்றுதான் நீ கடிதத்துக்கு மாறினாய். ஆனால் நான் நின்றது பூத்தில். பேசியது வாயால். அந்த மாதமே ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் அம்மா ஒரு போர்வை கொடுத்துவிட்டிருந்தாள். குளிரே இல்லை என்று சொன்னவனுக்கு எதற்குப் போர்வை, மகன் பேச்சில் நம்பிக்கையே இல்லையா என்று அன்றைக்கு எரிச்சல்பட்டேன். முப்பது வருஷமாக அந்த எரிச்சல் ஒரு மூலையில் கிடந்தது.

கதை உங்களுது, வரி என்னுது என்று சொன்னாயே, சரிதான். உன் வரியில் அம்மாவுக்கு அந்த நடுக்கம் கேட்கவில்லை. என் கதையில் கேட்டிருக்கிறது.