தயிரில்லாத இலை

தட்டில் கை வைக்குமுன் தயிர்ச் சட்டியை எட்டிப் பார்க்கும் என் அப்பாவுக்கு,

இன்று உங்களுக்கு முதல் வருஷத் திதி. இலை போட்டோம். பருப்பு, புளிக்குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், தேங்காய்ப்பால் பாயசம் எல்லாம் வைத்தேன். தயிர் வைக்கவில்லை, நெய்யும் விடவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள் அப்பா. இந்த வீட்டுக்குள் பால் என்று ஒரு சொட்டு வரவும் நான் விடுவதில்லை.

மீனுவுக்குப் பால் ஆகாது. நீங்கள் போனபோது அவள் என்னிடம் மட்டும் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை, அதனால் உங்களுக்குத் தெரியாது. முதன்முதலாகப் பசும்பால் கொடுத்த அன்றைக்கே முகமெல்லாம் வீங்கிவிட்டது. பால், தயிர், வெண்ணெய், நெய், பன்னீர் எதுவும் கூடாது என்றார் டாக்டர். வளர வளரச் சரியாகலாம், ஆகாமலும் போகலாமாம்.

உங்கள் ஆபீஸ் சிநேகிதர் பிச்சையா மாமா இன்னும் லக்ஷ்மிபாய் நகரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். நாலு மாதத்துக்கு முன் அப்படித்தான் வந்தார். நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். அவர் மீனுவை மடியில் வைத்துக்கொண்டு, தனக்கு ஊரிலிருந்து வந்ததென்று கையோடு கொண்டுவந்த நெய்யைப் பருப்புச் சோற்றில் விட்டு, உருட்டி உருட்டி ஊட்டியிருக்கிறார். நான் பார்த்துவிட்டு அலறினேன்.

"பால்தான ஆகாதுன்ன? இது நெய்லா! நெய்யில பாலு எங்கருந்து வந்துச்சி?" என்றார்.

அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? நெய்யும் பால்தான் என்று நம் வீட்டில் யாருக்குத்தான் தோன்றும்? அவர் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளைக்கு உதடு தடித்துவிட்டது. மூச்சு விசில் அடித்தது. உங்கள் மாப்பிள்ளை ரோட்டுக்கு ஓடி, "பையா, ஜல்தி!" என்று இந்தியில் அவசரப்படுத்தி ஆட்டோவை மறித்தார். மாமா செருப்புக்கூடப் போடாமல் பின்னால் வந்தார். தொடையில் ஊசி போட்ட பிறகுதான் மீனு அழுதாள். பிள்ளை அழுததைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான் அப்பா.

அதிலிருந்து எல்லோரையும் பார்த்துப் பயம். பூங்காவில் ஒரு ஆன்ட்டி பிஸ்கட்டை நீட்டினால் பயம். கோயில் பிரசாதத்துக்குப் பயம். பாசமாக யாராவது அவளைத் தூக்கினாலே அவர்கள் கையைத்தான் பார்க்கிறேன். இப்படி எத்தனை நாள் இருக்க முடியும்?

இப்போது இன்னொரு பயம். ராகிக் கூழ், சுண்டல், சோயாப் பால் எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. எடை ஏற மாட்டேன் என்கிறது. தானியமும் பருப்புமே போதும்தான், வயிறு நிறையச் சாப்பிட்டால். இவள் நாலு வாய்க்கு மேல் வாங்குவதில்லை. முட்டை கொடுங்கள், கோழி சூப் கொடுங்கள் என்கிறார் டாக்டர். ஆபீஸில் கேக் வெட்டினால், முட்டை இருக்கும் என்று நீங்கள் எழுந்து வந்துவிடுவீர்களே, அந்த உங்கள் பேத்திக்கு!

போன வாரம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் உங்கள் இலைக்கு அப்பளம் வாங்கிவிட்டு, கோழிக்கடைப் பக்கம் போய் நின்றேன். கடைக்காரன் "க்யா சாஹியே, மேடம்?" என்று கேட்டதும் ஓட்டமாக வெளியே வந்துவிட்டேன்.

"சைவம் பெருசா, புள்ள பெருசா?" என்று உங்கள் மாப்பிள்ளை ஒருநாள் சத்தம் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "முட்டையும் ஒத்துக்காமப் போச்சுன்னா?" என்றார். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? "ஏட்டி, புள்ளையப் பாரு" என்பீர்களா, முகத்தைத் திருப்பிக்கொள்வீர்களா?

கோழி என்னால் முடியாது அப்பா. முட்டைக்கு மட்டும் மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். முதல் தடவை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக் கொடுங்கள் என்றார் டாக்டர். நாளைக் காலை எமர்ஜென்சி வாசலில் இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்து, பயறளவு வாயில் வைத்துவிட்டு அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முட்டை வாங்கியாயிற்று. வேகவைக்கப் புதுப் பாத்திரமும் வாங்கியாயிற்று.

அந்த நெய்க்குப் பிறகு மாமா வாசலிலேயே நின்று, "புள்ள நல்லாருக்காளா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். இன்று திதி என்பதால் உள்ளே வந்தார். மீனு தள்ளாடி அவரிடம் ஓடினாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். எனக்குத் தாங்கவில்லை.

"மாமா, நாளைக்கு எங்ககூட ஆஸ்பத்திரிக்கு வாரீங்களா?"

"வாரேன்ம்மா. ஒரு ஓரமா உக்காந்துக்கிடுதேன்."

"ஓரமா வேண்டாம். மடியில வச்சுக்கோங்க. எனக்குக் கை நடுங்கும்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்பா, மீனுவுக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும் நாள் வந்தால் அந்தச் சட்டியின் முதல் கரண்டி உங்களுக்குத்தான், இது சத்தியம். அதுவரைக்கும் உங்கள் இலையில் தயிர் கிடையாது, பொறுத்துக்கொள்ளுங்கள். பயமாக இருக்கிறது. நாளைக்கு அந்தப் பெஞ்சில் உங்களுக்கும் இடம் விட்டு உட்காருகிறேன்.

உங்கள் மகள்,
மீனுவின் அம்மா செல்வி