510510-க்கு ஏழு கிலோமீட்டர்

மாப்ள,

இன்று காலை நம் லாரியை விற்று ஒப்படைக்கச் சேலம் போனேன். வாங்குகிறவரின் லாரி செட் வாசலில் மீட்டரைப் பார்த்தேன். 510503. முன்கண்ணாடியில் நீ கட்டிய எலுமிச்சைக் கயிறு காய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே திரும்பாமல் வண்டியை நேரே வாழப்பாடி ரோட்டில் விட்டேன்.

உடனே செட்காரரிடமிருந்து போன் வந்தது. "ஏனுங்க, எங்க போறீங்க?"

"ஏழு கிலோமீட்டருங்க. போயிட்டு வாரேன்."

"டீசல் உங்களுதுங்களா?"

"ஆமாங்க" என்றேன். மனிதர் போனை வைத்துவிட்டார்.

நாமக்கல்லில் முட்டை ஏற்றிக் கேரளா போகும்போதெல்லாம் தூக்கம் வராமலிருக்க நான் பாட்டுப் போடுவேன். நீ மீட்டரில் ஓடும் எண்களை வகுத்துக்கொண்டு வருவாய், வகுத்தா தூக்கமே வராது என்பாய். கல்லூரியில் கணக்குப் பாடத்தைப் பாதியில் விட்டவன், லாரியில் முடித்தாய். ஒருநாள், மீட்டர் இன்னும் எட்டாத ஓர் எண்ணை, 510510 என்று சொல்லி நிறுத்தினாய். "ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு, பதினேழு. முதல் ஏழு பகா எண்ணையும் பெருக்கிப் பாரு மாப்ள. ஏழு பேராலயும் மீதியில்லாம வகுபடற முதல் எண்ணு இதுதான்."

"ஏழு பேரும் வந்தா முட்டைய இறக்கச் சொல்லு" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. டீக்கடையில் நின்றபோது கதவுத் தூசியில் விரலால் 714 × 715 என்று எழுதினாய். பெருக்கினால் அதே 510510. "பக்கத்துப் பக்கத்து எண்ணு. ஆனா ஒண்ணை வகுக்கற பகா எண்ணு இன்னொண்ணுகிட்டப் போகாது. நீயும் நானும் மாதிரி." அது சரிதான். நான் டீ குடிக்க மாட்டேன், நீ கோயிலுக்குள் வரமாட்டாய், ஆனாலும் சேர்ந்து வண்டி வாங்கினோம்.

மீட்டர் தகராறு செய்தபோது புதிது மாட்ட நீ விடவில்லை. "மறுபடி சைபர்ல இருந்து ஆரம்பிச்சா நம்ம ஆயுசுக்குள்ள வராது மாப்ள" என்றாய். பழையதையே பழுது பார்த்தோம். போன ஐப்பசியில் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோனபோது இன்னும் சில ஆயிரம் கிலோமீட்டர்தான் பாக்கி. தனியாளாக என்னால் வண்டி ஓட்டிக் கட்டுப்படியாகவில்லை, விற்றுவிட்டேன். புது ஆள் முதல் வேலையாக மீட்டரைத்தான் மாற்றுவாராம்.

ஒரு புளியமரத்தடியில் 510510 வந்தது. ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தேன். பக்கத்து சீட்டைப் பார்த்தேன். அழுதேன், மாப்ள, சொல்வதற்கென்ன.

அப்புறம் வண்டியை எடுக்க மனசில்லை. "அடுத்த எண்ணுக்கு இந்த ஏழு பேர்ல ஒருத்தனும் வரமாட்டான், எவனால வகுத்தாலும் ஒண்ணு மிச்சம் நிக்கும்" என்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது. செட்காரர் மறுபடி கூப்பிட்டார். "கிளம்பியாச்சுங்களா?"

வண்டி புறப்படும்போது சக்கரத்தடியில் எலுமிச்சை வைப்பது உன் வேலை, அதன்மேல் வண்டியை ஏற்றி எடுப்பது என் வேலை. கோயிலுக்கு வராதவன் அதை மட்டும் ஒருநாளும் மறந்ததில்லை. இன்று நீ கட்டிய கயிற்றிலிருந்து ஒன்றை அவிழ்த்து நானே இறங்கி வைத்தேன், நானே ஏறி நசுக்கினேன். கொஞ்ச தூரத்தில் 510511 ஆனது. அது பத்தொன்பதால் வகுபடும் என்பாய். வகுத்துப் பார்த்தேன், வகுபட்டது.

சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். ராசிபுரம் தாண்டும்வரை டிக்கெட்டில் இருந்த எண்ணை ஏழால், பதினொன்றால், பதிமூன்றால் வகுத்துக்கொண்டே வந்தேன். நீ சொன்னது நிஜம்தான், தூக்கம் வரவில்லை.