உரசாமல் வைத்த நெருப்பு

12-7-2006, புதன்

சிகரெட் பத்தவைக்க இல்லை. அதற்குத் தீப்பெட்டி போதாதா? அம்மா கேட்டதற்கு வாயால் பதில் சொன்னால் சண்டையாகும், அதனால் இங்கே எழுதுகிறேன். இது கேஸ் டார்ச். பர்மா பஜாரில் வாங்கினேன். உள்ளங்கைக்குள் அடங்கும். லைட்டருக்கு அடைக்கும் கேஸையே இதற்கும் அடைக்கலாம். பொத்தானை அமுக்கினால் நீலமாக ஊசி மாதிரி நெருப்பு நிற்கும்.

செங்கல் மேல் வெள்ளிக் கம்பியை வைத்து முனையில் காட்டினேன். முனை சிவந்தது, நடுங்கியது, தானாகச் சுருண்டு உருண்டையாகிவிட்டது. கடுகு மாதிரி. யாரும் தட்டவில்லை, உருட்டவில்லை. வளைத்துவிட்டால் கம்மல் கொக்கி.

பாலிடெக்னிக்கை விட்டதிலிருந்து எல்லாரும் ஒரே கேள்வி. என்ன பண்ணப் போற, என்ன பண்ணப் போற. இதான் பண்ணப் போறேன். போங்க.

14-7-2006

எதிர் வீட்டு குணசுந்தரி அக்காவின் கொலுசில் ஒரு வளையம் விட்டிருந்தது. வெங்காரத்தைக் குழைத்துத் தடவி, ஒட்டவைக்கும் வெள்ளிப் பொடி வைத்து, நெருப்பைத் தூரத்திலிருந்து மெதுவாகக் கொண்டுவந்தேன். பொடி பளிச்சென்று உருகி ஓடி இடுக்கில் உட்கார்ந்தது. அந்த ஒரு நொடிக்காகவே இதைச் செய்யலாம். (முதல் வளையம் உருகி மொட்டையாகிப் போனதை அவளிடம் சொல்லவில்லை. வேறு வளையம் பண்ணிப் போட்டேன்.)

அவள் சொன்னாள்: "தாலிச் செயின் அறுந்தா கடையில குடுத்துட்டு எவ வெறுங்கழுத்தா உக்காந்துகினு இருப்பா? நீ வூட்டுக்கே வந்து கண்ணெதிர்ல பத்தவெச்சிக் குடு தீனா. ஆரணியே உன் பின்னாடி வரும்."

சரியான யோசனை. எனக்குத் தோன்றவில்லையே.

17-7-2006

ஆடி பிறந்தது. திலகா அக்காவைத் தனசேகரன் மாமா கொண்டுவந்து விட்டுவிட்டு உடனே செய்யாறுக்குத் திரும்பிவிட்டார், கம்பெனியில் ஷிப்ட்டாம். தலை ஆடி. ஆவணி பிறந்ததும் வந்து அழைத்துப் போவார். அக்கா கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். டார்ச்சைப் பார்த்து, "வூட்ட கொளுத்திடாதடா" என்றாள்.

23-7-2006, ஞாயிறு

அய்யோ.

அக்கா அம்மாவுக்கு நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தாலிச் செயின் ராட்டையில் மாட்டி, கொக்கிப் பக்கம் அறுந்தது. நான்தான் குதித்துக்கொண்டு ஓடினேன், குடு குடு, நான் பத்தவெக்கறேன் என்று. அவள் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டுதான் செயினைக் கையில் கொடுத்தாள்.

நெருப்பு பட்டதும் கறுத்தது. தங்கம் கறுக்காது. புளி போட்டுத் தேய்த்தேன். சிவப்பு. செம்பு.

வைகாசியில் தாலி பிரித்துக் கோத்தபோது நைனா போட்ட செயின் இது. போன வருஷமெல்லாம் அதற்காகத்தான் ராத்திரி பகலாகத் தறியில் கிடந்தார். அது எங்கே? யார் மாத்தினது? வேறு யார், செய்யாறில் இருக்கிற அந்த ஆள்தான்! கத்தினேன். அக்கா, "அவுரு அப்படி இல்லடா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அம்மா சுவரோடு உட்கார்ந்துவிட்டாள். நைனா மட்டும் தறியை நிறுத்தவில்லை. கட்டைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

24-7-2006

போனேன். கம்பெனி கேட்டில் நின்றேன். ஷிப்ட் விட்டு எல்லாரும் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள். மாமா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

"இன்னா தீனா, சாப்டியா?"

"எங்க அக்கா செயின எங்க வித்த?"

"மெதுவா பேசு. இன்னா ஆச்சு?"

"நெருப்பு வெச்சேன், செம்பு பல்லக் காட்டுது. கவரிங்க மாட்டி ஏமாத்தறியா?"

பஸ் ஜன்னலிலிருந்து ஒருத்தன், "தனசேகரா! மச்சான் ஆடிச்சீர் எடுத்துகினு வந்துகீறாரு, வாங்கிக்கோ!" என்றான். பஸ்ஸே சிரித்தது.

மாமா முகம் செத்துப்போனது. என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "சரி, நான்தான் வித்தேன். போதுமா? ஜல்தியா ஊருக்கு போய்ச் சேரு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறாமல் நடந்தே போனார்.

ஒத்துகினான். ஒத்துகினான்!

25-7-2006

மாமா ஒத்துக்கொண்டதைச் சொன்னேன். அக்கா சாப்பிடவில்லை. நைனாவும் சாப்பிடவில்லை. என் முகத்தைப் பார்க்க மாட்டேனென்கிறார். ஏன்? திருடனைப் பிடித்துக் கொடுத்தது நான்தானே?

26-7-2006

செய்யாறிலிருந்து மாமாவின் அம்மா வந்தார்கள். அபிதகுசாம்பாள் அத்தை. செருப்பைக் கழற்றவில்லை. தெருவிலேயே ஆரம்பித்தார்கள்.

"என் புள்ள திருடனா? பஸ்ஸுல போறவன் வர்றவன்லாம் கேக்கறான். அவன் வித்தேன்னு சொல்றான், நான் நம்பல. எதிர்ல வெச்சி சொல்லுங்க, யார் வித்தது?"

கட்டைச் சத்தம் நின்றது. நைனா தறிக்குழியிலிருந்து ஏறி வந்து வாசலில் நின்றார்.

"யாரும் விக்கலமா. நான் போட்டதே அதான்."

தெரு முழுக்கக் கேட்டது. குணசுந்தரி அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். அத்தை, "தங்கம் எப்ப வருதோ, உங்க பொண்ணும் அப்ப வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அம்மாவுக்கும் தெரியாதாம். நைனாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

நான்தான் விடவில்லை. எப்படி நைனா, எப்படி? என்று பின்னாடியே போய்க் கேட்டேன். தறியில் உட்கார்ந்து, கால் கட்டையை மிதிக்காமலே சொன்னார்: "இந்த ஜரிகை இன்னா ஜரிகை? டெஸ்டட். மேல முலாம், உள்ள செம்பு. நான் நெய்ஞ்ச பொடவைய கட்டிகினு எத்தினி பொண்ணு மணையில உக்காந்துச்சி. எவன்டா நெருப்பு வெச்சிப் பாத்தான்? தீபாவளிக்குள்ள மாத்திடலாம்னு இருந்தேன்."

கடையில் எந்த நகை வந்தாலும் முதலில் கல்லில் உரசித்தான் பார்ப்பார்கள். நம்ம வீட்டு நகைதானே என்று நான் நேராக நெருப்பையே வைத்தேன். உரசியிருந்தால் எனக்கு மட்டும் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்தாலும் வாய் நிற்குமா? நிக்காது. எனக்கே தெரியும்.

3-8-2006, ஆடிப்பெருக்கு

அம்மா கலந்த சோறு கட்டவில்லை. அக்கா ஏதோ நினைத்துக்கொண்டு திடீரென்று சொன்னாள்: "அவுரு தெனம் செயினுக்கு மேல சேத்து மஞ்ச பூசச் சொல்லுவாரு. அந்த வாசன புடிக்கும்னு. நான் ஆசைன்னு நெனச்சேன்."

"ஆசைதான்" என்றேன்.

"கழுத்துல கறுப்பு எறங்குறது எனக்குத் தெரியல. அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அவங்க அம்மா கண்ணுல படக்கூடாதுன்னு பூசச் சொல்லிருக்காரு."

அந்த ஆளையா நான் கேட்டில் நிற்க வைத்து...

17-8-2006

ஆவணி ஒன்று. அக்கா தலை வாரி, பூ வைத்து, பெட்டியைக் கட்டி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை. சாயந்திரம் பூவை எடுத்து ஜன்னலில் வைத்தாள்.

18-8-2006

வரவில்லை.

20-8-2006, ஞாயிறு

குணசுந்தரி அக்கா வீட்டுக்கு போன் வந்தது. அக்கா ஓடினாள். மாமாதான். வெறும் கயிறோடு வந்தால் போதும் என்றாராம். எங்க அம்மா கத்துவாங்க, கத்தட்டும் என்றாராம். வந்து அழைத்துப் போக மட்டும் அவருக்குக் காலே வரவில்லையாம், இந்தத் தெருவில் எல்லாரும் பார்ப்பார்கள் என்று. பஸ்ஸில் இன்னும் அவரைச் "செயினு" என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.

நைனா, "நான் கொண்டுபோய் வுடறேன்" என்றார். அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள்.

"நீ வா. அந்த கேட்டுலதானே கத்தின? அதே கேட்டுல நின்னு, அதே பஸ்ஸு கேக்கறா மாரி சொல்லு. அவுரு விக்கலன்னு."

"அப்ப நைனாதான்னு சொல்லணுமே?"

"உனக்குத் தெரியாததா? வாய்தான் உனக்கு நல்லா வருமே."

21-8-2006, திங்கள்

காலையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். மாமா விக்கல, தப்பு என்னுது. அதற்கு மேல் ஒருத்தன் "பின்ன செயின் எங்கடா?" என்று கேட்டால்? நைனா பெயரைச் சொல்லாமல் எப்படிச் சொல்வது? பொய் சொல்லலாம். பொய் எனக்கு வராது, உண்மையும் ஒழுங்காக வரவில்லை. முதல் ஷிப்ட் விடுகிற நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அக்கா மஞ்சள் கயிற்றை ரவிக்கைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். நைனா பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கிறார், பஸ் ஸ்டாண்டு வரைக்குமாவது என்று. அக்கா கூப்பிடுகிறாள். நான் போகணும்.