பேரனுக்குச் செல்லாயி என்று பெயர்

நேற்று நம் பேரனுக்குப் பெயர் வைத்தாயிற்று. உன் கண்டாங்கிச் சேலையைத்தான் தொட்டிலாகக் கட்டினார்கள். பாச்சை உருண்டை வாசம் இன்னும் போகவில்லை. பிள்ளை ஒரு தும்மல் போட்டுவிட்டுத் தூங்கிப்போனான். விடாமல் கத்திக்கொண்டிருந்தது நானும் உன் மகனும்தான்.

முதல் பேரனுக்குத் தாத்தா பெயர் என்பது நம் வழக்கம். என் பெயரைச் சொன்னதுமே உன் மகன் கைப்பேசியை நீட்டினான். ஆம்பளைத்தனமான பெயர்கள் என்று இணையத்திலிருந்து எடுத்து வைத்திருக்கிறான். எதைத் தொட்டாலும் அதில் ஒரு வாளோ வில்லோ சிங்கமோ இருந்தது.

“பேரைச் சொன்னா இடி விழுந்த மாதிரி இருக்கணும்ப்பா. செல்லாயின்னு வச்சா பள்ளிக்கூடத்துல பயலுக கிழிச்சுத் தொங்க விட்டுருவாய்ங்க.”

“என்னைய மட்டும் கிழிக்காமலா விட்டாய்ங்க? நான் என்ன தொங்கிக்கிட்டா இருக்கேன்?” என்றேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். எனக்கு முன் பிறந்த இரண்டு ஆண் பிள்ளைகளும் தங்கவில்லை. நானாவது பிழைக்கட்டும் என்று அம்மா எனக்கு மூக்குக் குத்தி, பெண் பெயரை வைத்தாள். பெண் பிள்ளை என்று நினைத்து எமன் தாண்டிப் போய்விடுவானாம். முதல்முறை இதைச் சொன்னபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு சட்டென்று முகம் மாறி, “அப்ப பொம்பளப் பிள்ளைன்னா எமனுக்குக்கூட வேணாமாக்கும்?” என்று கேட்டாய்.

கடை திறந்தபோது நானும் உன் மகன் புத்தியில்தான் இருந்தேன். கம்பியும் சிமெண்டும் விற்கிற கடைக்குப் பெண் பெயரா என்று ‘வேங்கை ஹார்டுவேர்ஸ்’ என எழுதச் சொல்லிவிட்டேன். பலகையைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாய்.

“யாரு அந்த வேங்கை? எங்குட்டு இருக்காக?”

“யாவாரத்துக்கு ஒரு ஆம்பளப் பேரு வேணும்ல?”

“செத்துப்போன ரெண்டு பிள்ளைக்கும் அத்தை வச்சது ஆம்பளப் பேருதான். எது நின்னுச்சு? உங்க பேருதானே எமனையே திருப்பி அனுப்புச்சு. அதைவிடக் கெட்டியான பேரை நீங்க எந்தச் சந்தையில வாங்கப் போறீக?”

பலகையை அழித்துச் செல்லாயி என்று எழுத வைத்தேன். நஷ்டமில்லை. புதிதாக வரும் கம்பெனி ஆட்கள் இன்றைக்கும் “மேடம் இருக்காங்களா?” என்று கேட்கிறார்கள். “நான்தான் மேடம், உக்காருங்க” என்பேன். அவர்கள் நெளிந்து முடிப்பதற்குள் விலையைக் குறைக்க வைத்துவிடுவேன்.

ஒரு பெயருக்குள் ஆம்பளைத்தனம் எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. நம் கடைக்கு வரும் கொத்தனார் ஒருவர் பெயரில் சிங்கம் இருக்கிறது; கரப்பான் பூச்சியைக் கண்டால் மனிதர் சாரத்தில் ஏறிவிடுவார். வலிமை எழுத்தில் இல்லை. கூப்பிட்டால் தலை நிமிர்ந்து “என்ன?” என்று கேட்கிறவனிடம் இருக்கிறது. ஊரே சிரித்தபோதும் நான் நிமிர்ந்துதான் கேட்டேன்.

அப்படிப்பட்ட பெயரை நீ ஒருநாளும் சொன்னதில்லை. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று உன்னை வளர்த்திருந்தார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்த அன்று நர்ஸ் கணவர் பெயரைக் கேட்டபோது நீ என்னைப் பார்த்தாய். “செல்லாயி” என்றேன். அந்த நர்ஸ் அதை உன் பெயர் என்று எழுதிக்கொண்டாள். அவ்வளவு நோவிலும் நீ சிரித்தாய். அன்றுதான் சொன்னாய்: “மருமக வயித்துல இருக்கது பயலா இருந்தா உங்க பேரத்தான் வைக்கணும். ஒருநாளாச்சும் வாய் நெறையக் கூப்பிடணும். எந்தச் சாமி வந்து கண்ணக் குத்துதுன்னு பாக்குறேன்.”

அவன் பிறக்கும்வரை நீ இருக்கவில்லை. நான் சரி என்று சொன்ன வார்த்தை மட்டும் இருந்தது. அதனால்தான் நேற்று விட்டுக்கொடுக்கவில்லை. இதைச் சொன்னதும் உன் மகன் கைப்பேசியைக் கீழே வைத்தான். ஆனாலும் இறங்கி வரவில்லை. என் பிடிவாதம் அவனுக்கும் இருக்கும் அல்லவா?

மருமகள்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்தாள். “அத்தை எங்கிட்டயும் சொன்னாக. வச்சுக்கிருவோம்” என்றாள். மாமனார் பெயரை மருமகள் சொல்வதும் இங்கே வழக்கமில்லை. அவளோ பிள்ளையின் காதருகே குனிந்து, கூடியிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி “செல்லாயி” என்று மூன்று தரம் கூப்பிட்டாள். கோட்டையூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நீ கூப்பிட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை. கேட்காத அந்தக் குரலோடுதான் மிச்சக் காலமும்.

பேசி முடித்தது இவ்வளவுதான்: சான்றிதழில் செல்லாயி முன்னால், உன் மகனுக்குப் பிடித்த சிங்கப் பெயர் பின்னால். வளர்ந்தபின் எதை வைத்துக்கொள்வது என்பது பயல் பாடு. அதில் நானும் தலையிடக் கூடாது, உன் மகனும் தலையிடக் கூடாது. வீட்டில் எல்லோரும் செல்லாயி என்றே கூப்பிட வேண்டும். கடைசியாக மருமகள் ஒன்று சேர்த்தாள்: “பய சேட்டை பண்ணுனா, வையும்போதும் அந்தப் பேரைச் சொல்லித்தான் வைவேன் மாமா. நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறக் கூடாது.”

ஒப்புக்கொண்டேன்.