தெத்துப்பல் தெரியச் சொல்

அன்புள்ள அக்காவுக்கு,

டியூட்டி முடிந்து அறைக்கு வந்து, சாப்பிட்டு, காலை நீட்டி உட்கார்ந்த பிறகு இதைப் படி. வார்டில் நின்றுகொண்டு படிக்காதே. நாங்கள் இருவரும் உடம்புக்கு நலம். மற்றபடி நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ குரலை உயர்த்தினால் எனக்கு வாயடைத்துப் போகும். நீ அழுதால் இன்னும் மோசம். அதனால்தான் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். கோழி கிண்டிய மாதிரி இருந்தாலும் என் கையெழுத்து உனக்குப் பழக்கம்தானே.

உன் மகள் மைனா பள்ளியில் வம்பில் மாட்டிக்கொண்டாள். அதில் எனக்கும் பங்கு உண்டு. ஆட்களின் கண்ணைப் பார்த்துப் பேச அவளுக்குக் கூசுகிறது, எனக்கும்தான். பல் லேபில் நாள் முழுக்க, உடைந்த பல்லுக்கு மேல் மாட்டுகிற கேப் செய்கிறவள் ஆயிற்றே, யார் பேசினாலும் நான் பல்லைத்தான் பார்ப்பேன். முகத்தைப் பார்ப்பதாக அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். இந்தத் தந்திரத்தை அவளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். போதாததற்கு விடுமுறையில் லேபுக்குக் கூட்டிப்போய், மாதிரிப் பற்கள் கோத்த பட்டையைக் கையில் கொடுத்து நிறம் ஒப்பிடவும் பழக்கினேன்.

போன வாரம் வகுப்பு டீச்சர் அவள் கட்டுரையைப் பாராட்டிச் சிரித்திருக்கிறார். இவளும் பதிலுக்கு ஒரு நல்லது செய்வதாக நினைத்து, "மிஸ், உங்க முன்பல் கேப் பக்கத்துப் பல்லவிட ரொம்ப வெள்ளையா இருக்கு. எங்க சித்திகிட்ட வாங்க, மாத்தித் தருவாங்க" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறாள். அது கேப் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. வகுப்பே சிரித்துவிட்டது.

லேபில் நாங்கள் இப்படித்தான் பேசிக்கொள்வோம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் தலைமை ஆசிரியை கூப்பிட்டு உட்கார வைத்தபோது சிரிப்பு போன இடம் தெரியவில்லை. டீச்சரையும் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பல் எப்படிப் போனதோ, அவருக்கு என்ன வேதனையோ. இப்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொண்டுதான் பாடம் நடத்துகிறாராம். மைனாதான் சொன்னாள். சொல்லும்போது நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்தாள்.

வருகிற திங்கட்கிழமை வகுப்பின் முன்னால் நின்று, கிண்டல் செய்வதற்காகத்தான் சொன்னேன், மன்னித்துவிடுங்கள் என்று அவள் சொல்ல வேண்டும். மாட்டேன் என்றால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். மைனா மன்னிப்புக் கேட்கத் தயார், நூறு தடவை வேண்டுமானாலும் கேட்பாள். கிண்டல் செய்தேன் என்பதை மட்டும் சொல்ல மாட்டாளாம், அது பொய்யாம். அப்படியென்றால் ஏன் சொன்னாய் என்று தலைமை ஆசிரியை கேட்டிருக்கிறார். இவளுக்குப் பதில் வரவில்லை. அன்றிலிருந்து பள்ளியில் வாயே திறப்பதில்லை. பள்ளியில் அதையும் திமிர் என்கிறார்கள்.

வீட்டில் நடப்பது அவர்களுக்குத் தெரியாது. வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் துணி அலமாரிக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் வெளியே தரையில் உட்கார்ந்து கதவிடுக்கு வழியாகப் பிஸ்கட் தள்ளுகிறேன். வாங்கிக்கொள்கிறாள், அதுவரைக்கும் சந்தோஷம். வாய் ஓயாமல் பேசி என் காதைப் புண்ணாக்கிய பெண் இப்படிக் கிடப்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

நேற்று அலமாரிக்குள் இருந்தபடியே கேட்டாள்: "சித்தி, உன்னப் பத்தி டாக்டர் ஒரு பேர் சொன்னாங்கல்ல. எனக்கும் அதானா? அதுன்னா நானே போய் ஸ்கூல்ல சொல்லிடுவேன்." எனக்குப் பொய் வராது என்று உனக்குத் தெரியும். அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து போய்விட்டேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

போன விடுமுறையில் நீ வந்திருந்தபோது மைனாவுக்கும் ஆட்டிசம்தான் என்று டாக்டர் சொன்னதை நாம் இருவரும்தான் கேட்டோம். வெளியே வந்ததும் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொம்பளப் புள்ளடி, அவகிட்ட சொல்லிடாத, அந்தப் பேரு ஒட்டிக்கும்" என்று அழுதாய். நானும் தலையாட்டினேன். உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பெயர் ஒட்டாமல் யார் விட்டார்கள் அக்கா? எனக்கு முப்பது வயதுவரை திமிர் பிடித்தவள், உம்மணாமூஞ்சி, அழுத்தக்காரி என்று எத்தனை பெயர். அவள் வயதில் நான் பக்கத்து பெஞ்சுப் பெண்ணின் சிரிப்பைக் கண்ணாடி முன் நின்று பழகினேன். உன் மகளும் இப்போது குளியலறையில் அதைத்தான் செய்கிறாள். எனக்குக் கேட்கிறது.

எனக்கு டாக்டர் சொன்ன அதே பெயரை லேப் முதலாளியிடம் பயந்துகொண்டேதான் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, இரைச்சல் போடும் கேப் தேய்க்கிற மெஷினிலிருந்து தள்ளி மூலையில் ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார். பின்னால் இரண்டு பேர் ஏதோ பேசினார்கள், இன்னும் பேசுகிறார்கள். ஆனால் எனக்கு வேலை ஓடுகிறது. மைனாவுக்கும் அப்படியே நடக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். பள்ளி கேட்காமலும் போகலாம், பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏன் என்று கேட்டால் சொல்ல அவளிடம் ஒரு பதில் இருக்கும். அவள் பேசும்போது நான் பக்கத்தில் நிற்பேன். எனக்கு வாயடைத்துப்போனாலும் நகர மாட்டேன்.

நானே சொல்லிவிடலாம். ஆனால் உனக்குத் தலையாட்டியிருக்கிறேன், அவளும் உன் வாயால் கேட்கத்தான் காத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடும்போது நீ சொல். அவள் எங்கேயோ பார்த்தால் விட்டுவிடு, அம்மாவைப் பார் என்று அதட்டாதே. அவள் உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். என்னிடம் ஒரு ரகசியம் சொல்லியிருக்கிறாள்: அம்மா சும்மா சிரித்தால் தெத்துப்பல் தெரியாதாம், நிஜமாகச் சந்தோஷப்பட்டால்தான் தெரியுமாம். போன தடவை விடுமுறை முடிந்து நீ திரும்பிப் போனதிலிருந்து ஒரு தடவைகூடத் தெரியவில்லையாம். தன்மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அழாதே. முகம் கழுவிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்டால் ஆமாம் என்று சொல். சொல்லும்போது உன் தெத்துப்பல் தெரியட்டும் அக்கா.

உன் போனுக்காகக் காத்திருக்கும்,
உன் தங்கை